அனெத்தோல்: வடித்ததும் உறைய வைத்ததும்

அன்னாசிப்பூவின் வாசனையில் பெரும்பங்கு அனெத்தோல் என்ற ஒரே சேர்மத்துக்கு உரியது. சோம்பின் இனிப்பு மணமும் அதுவே. அன்னாசிப்பூ எண்ணெயில் பத்துக்கு எட்டு, ஒன்பது பங்கு இதுதான் என்பதால், பெரிய கருவிகள் இல்லாமலே ஓரளவு தூய நிலைக்குக் கொண்டுவர முடிகிறது. எண்ணெய் எடுப்பதோடு நிறுத்தாமல், அதை உறைய வைத்து உறைநிலையை அளந்து பார்ப்பதுதான் இம்முறை என் நோக்கம்.

100 கிராம் பூவை ஒன்றிரண்டாக இடித்துக்கொண்டேன். மாவாக அரைத்தால் நுரைத்துப் பொங்கி மேலே ஏறிவிடும். பளபளக்கும் விதைகளைவிடத் தோட்டில்தான் எண்ணெய் அதிகம் என்பதால் விதைகள் முழுதாகக் கிடந்தாலும் கவலையில்லை. அனெத்தோலின் கொதிநிலை 234 டிகிரி செல்சியஸ். ஆனாலும் வாலையில் (நீரோடு கொதிக்கவைத்து ஆவியை வடிக்கும் கலம்) 100 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே அது நீராவியோடு கிளம்பி வருகிறது. ஒன்றோடொன்று கலவாத இரு திரவங்களின் ஆவியழுத்தங்கள் கூட்டாக வளிமண்டல அழுத்தத்தை எட்டினால் போதும், கொதிப்பு தொடங்கிவிடும்.

குளிர்விப்பானில் பனிக்கட்டி நீர் கூடவே கூடாது. தூய அனெத்தோல் 21 டிகிரியை ஒட்டி உறைந்துவிடும். குழாய்க்குள் உறைந்தால் அடைப்பு; அடைப்புக்குப் பின்னால் வெளியேற வழியில்லாத நீராவி. 30 டிகிரி நீரை மெதுவாக ஓடவிட்டேன், வேலை சீராக நடந்தது.

வடிந்து வந்தது பால்போல் வெள்ளையாக இருந்தது. இங்கேதான் பொறுமை வேண்டும். கிராம்பு எண்ணெய் நீரைவிடக் கனம், தானாக அடியில் போய்த் தங்கிவிடும். ஆரஞ்சுத் தோல் எண்ணெய் லேசானது, மேலே வந்து நின்றுவிடும். அனெத்தோலின் அடர்த்தியோ 0.99. மிதப்பதா மூழ்குவதா என்று முடிவு செய்யாமல் துளிகள் நீருக்குள்ளேயே தொங்கிக்கொண்டிருந்தன. வடிநீரை வெதுவெதுப்பாக்கி, கரையும் மட்டும் உப்பைப் போட்டேன். உப்பால் நீர் கனத்தது, எண்ணெயைக் கரைத்து வைத்திருக்கும் திறனும் குறைந்தது. பிரிபுனலில் ஊற்றி வைத்த சிறிது நேரத்தில் வெளிர்மஞ்சள் அடுக்கு ஒன்று மேலே தெளிந்து நின்றது.

உப்பிடாமல் தனியே எடுத்து வைத்திருந்த கொஞ்சம் வடிநீரை மறுபடி வாலையிலேயே ஊற்றி வடித்தேன். கரைந்திருந்த கொஞ்சமும் வீணாகவில்லை. நீரைத் தானாகவே குடுவைக்குத் திருப்பி அனுப்பும் கண்ணாடிக் கருவியை கிளெவெஞ்சர் என்ற ஆய்வாளர் 1928-இலேயே வடிவமைத்துவிட்டார். என்னிடம் அது இல்லை, கையால்தான் ஊற்ற வேண்டியிருந்தது.

நல்ல பூவில் 100 கிராமுக்கு 5 முதல் 8 கிராம் வரை எண்ணெய் இருக்கும். எனக்குக் கிடைத்தது 5 கிராமுக்குச் சற்றுக் குறைவு. குடுவையில் மிஞ்சிய பழுப்புக் கஷாயத்தைக் கொட்டும்போதுதான் மனம் வரவில்லை: ஆவியாகாத ஷிக்கிமிக் அமிலம் அதில்தான் தங்கிவிடுகிறது. ஃப்ளூ மருந்தான ஒசெல்டாமிவிர் தயாரிப்புக்கு மூலப்பொருள் அது. அதைப் பிரிப்பது வேறொரு நாளைய வேலை.

இனி உறைநிலை. எண்ணெயைச் சிறிய சோதனைக்குழாயில் விட்டு, மெல்லிய முனை கொண்ட வெப்பமானியைச் செருகிப் பனிக்கட்டி நீரில் இறக்கினேன். 17, 14, 11... எண்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. எண்ணெயோ துளியும் அசையாமல் தெளிவாகவே இருந்தது. உறைநிலைக்குக் கீழே போயும் உறைய மறுப்பதில் அனெத்தோல் பெயர் பெற்றது. உறைகலத்தில் தனியே உறைய வைத்திருந்த ஒரு துளியைக் கண்ணாடிக் குச்சியின் நுனியில் எடுத்து 9 டிகிரியில் தொட்டேன். நுனியிலிருந்து வெள்ளை இழைகள் நாலாபுறமும் ஓடின. குழாய் முழுதும் மெழுகாக இறுகியது. பனிக்கட்டி நீருக்குள் இருக்கும்போதே வெப்பமானி 17-க்கு ஏறி அங்கேயே நின்றது. படிகமாகும்போது வெளிவரும் வெப்பம் அது. அன்னாசிப்பூ எண்ணெயின் உறைநிலை 15 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது மருந்துத் தர நூல்களின் அளவுகோல். என் எண்ணெய் தேறிவிட்டது.

21-க்கும் 17-க்கும் இடையிலுள்ள குறைவுக்கு லினலூல், லிமொனீன், எஸ்ட்ராகோல் போன்ற, எண்ணெயில் கூடவே இருக்கும் சேர்மங்கள் காரணம். எஸ்ட்ராகோலிலும் அனெத்தோலிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றேதான். இரட்டைப் பிணைப்பு ஓரிடம் தள்ளி அமைந்திருக்கிறது, அவ்வளவே. குளிர் குறையாமல் குழாயைக் கவிழ்த்து, உறையாத திரவத்தை வடியவிட்டேன். எஞ்சிய படிகத்தை உருக்கி மறுபடி உறைய வைத்தபோது வெப்பமானி 19.5-இல் நின்றது.

தூய்மை கூடியதில் மகிழ்ச்சிதான், மணத்தில் இல்லை. முதல் எண்ணெயில் இருந்த மிளகுத்தன்மையும் பச்சை வாடையும் போய், வெறும் இனிப்பு மிஞ்சியிருக்கிறது. வாசனைக்காக வடிப்பவர்கள் உறைய வைக்கும் வேலையைத் தொடாமலிருப்பதே மேல் என்பேன்.

செய்து பார்ப்பவர்களுக்கு ஒன்று: இதன் உறவுச் செடியான ஜப்பானிய அன்னாசிப்பூ நஞ்சு; பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். நம்பகமான இடத்தில் வாங்குங்கள். வடித்த எண்ணெயைச் சுவைத்தும் பார்க்க வேண்டாம்.

படிகத்தைப் பழுப்புக் குப்பியில் அடைத்து இருட்டில் வைத்திருக்கிறேன். ஒளி பட்டால் அதன் வடிவம் மாறும், காற்று பட்டால் அனிசால்டிகைடு என்ற வேறு சேர்மமாகும். அடுத்து சோம்பு. அதில் ஃபென்கோன் என்ற இன்னொரு சேர்மமும் கலந்திருப்பதால் முதல் உறைநிலை 17-ஐ எட்டாது என்பது என் கணிப்பு.