குழந்தைகள் இல்லாத கப்பலில் சத்தம் போட்டது யார்?

நானும் என் வீட்டுக்காரரும் மட்டுமாக, 18 வயதுக்குக் கீழே யாரையும் ஏற்றாத ஒரு உல்லாசக் கப்பலில் போயிருக்கிறோம். அப்புறம் தங்கை குடும்பம், அம்மா எல்லாரோடும் சேர்ந்து ஒரு பெரிய குடும்பக் கப்பலிலும் போனோம். இரண்டையும் பார்த்தவள் என்பதால் எது நல்லது என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. அதனால் ‘பெரியவர்கள் கப்பல்தான் சொர்க்கம்’ என்று சொல்வேன் என எதிர்பார்க்கிறார்கள் போல. எனக்குத் தலைவலி கொடுத்தது குழந்தைகள் இல்லை, ஒலிபெருக்கி. அது இரண்டு கப்பலிலும் இருந்தது.

குடும்பக் கப்பலில் நீச்சல் குளம் இருக்கும் தளத்தில் பகல் முழுக்கப் பாட்டு. நடுநடுவே மைக்கைப் பிடித்த ஒருவர் வந்து போட்டி வைப்பார். வயிறு அடிபட தொப்பென்று தண்ணீரில் விழ வேண்டும், யார் அதிகமாகத் தெறிக்க விடுகிறாரோ அவருக்குப் பரிசு. விழுந்தவர்கள் எல்லாரும் நாற்பது தாண்டிய ஆண்கள். சுற்றி நின்று கத்தியவர்களும் அந்த வயதுதான். குழந்தைகள் பாட்டுக்கு அந்தப் பக்கம் சறுக்கு மரத்தில் வரிசையில் நின்றார்கள்.

பெரியவர்கள் கப்பலில் பகல் அமைதியாகத்தான் இருந்தது. ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான் கச்சேரி. எங்கள் கேபினுக்கு நேர் மேலே நடன மேடை. பாட்டு கேட்காது, அதன் ‘தும் தும்’ மட்டும் கூரை வழியாக இறங்கும். மேஜை மேல் வைத்த கண்ணாடித் தம்ளர் கிணுகிணுத்தது. “குழந்தைங்கன்னா ஒன்பது மணிக்குத் தூங்கிடும். இவங்க எப்போ தூங்குவாங்க?” என்றார் என் வீட்டுக்காரர்.

அதனால் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது தள வரைபடத்தைப் பற்றித்தான். எல்லா நிறுவனங்களும் இதை இணையத்தில் போட்டிருக்கின்றன. உங்கள் கேபினுக்கு மேல் தளத்திலும் கீழ்த் தளத்திலும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலே குளம் என்றால் விடியற்காலையில் சாய்வு நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தத்தில் எழுந்திருப்பீர்கள். மேலே பஃபே என்றால் தள்ளுவண்டி. கீழே நாடக அரங்கம் என்றால் இரவுக் காட்சி முடியும் வரை தூக்கம் கிடையாது. மேலும் கீழும் கேபின்களே இருக்கிற தளம்தான் நல்லது. இன்னொன்று, பக்கத்துக் கேபினோடு இணைப்புக் கதவு வைத்த அறைகள் உண்டு. குடும்பமாகப் போகிறவர்களுக்கு அது வரம். மற்றவர்களுக்கு, முன்பின் தெரியாத ஒருவரின் இருமலைக் கேட்டுக்கொண்டே தூங்கும் வாய்ப்பு.

சரி, பெரியவர்களுக்கு மட்டும் என்று சொல்லும் கப்பல்களுக்கு வருகிறேன். இவை எல்லாம் ஒரே ரகம் என்று நினைத்துவிடக் கூடாது. வர்ஜின் வாயேஜஸ் நிறுவனத்தின் முதல் கப்பலான ஸ்கார்லெட் லேடி 2021-இல் பயணிகளோடு கிளம்பியது. சுமார் 2,770 பேர் போகலாம். உள்ளேயே பச்சை குத்தும் கடை இருக்கிறது. வழக்கமான பஃபே கிடையாது, அதற்குப் பதில் இருபதுக்கும் மேற்பட்ட சாப்பாட்டு இடங்கள். கூத்தும் கொண்டாட்டமும் விரும்புகிறவர்களுக்கானது அது. வைக்கிங் நிறுவனத்தின் கடல் கப்பல்களிலும் அதே 18 வயது விதிதான். ஆனால் 2015-இல் வந்த வைக்கிங் ஸ்டாரில் 930 பேர்தான், கேசினோவே கிடையாது. அங்கே சாயங்காலம் உரை கேட்பார்கள், நூலகத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பிரிட்டனின் சாகா நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போய் 50 வயது ஆனவர்களைத்தான் ஏற்றும்; கூட வருகிற துணைக்கு 40 ஆகியிருந்தால் போதும். அதே நாட்டின் பி அண்டு ஓ நிறுவனம் ஆர்கேடியா, அரோரா என்ற இரண்டு கப்பல்களை மட்டும் பெரியவர்களுக்கு ஒதுக்கிவிட்டு, மற்ற கப்பல்களில் குடும்பங்களை ஏற்றுகிறது.

சாகாவையும் வர்ஜினையும் ஒரே பெட்டியில் போட்டு ‘பெரியவர்கள் கப்பல்’ என்று பெயர் எழுதுவதில் என்ன பயன் இருக்கிறது? யார் ஏறக் கூடாது என்பதை மட்டும்தான் வயது விதி சொல்கிறது. ஏறியவர்கள் ராத்திரி என்ன செய்வார்கள் என்பதை அது சொல்லாது.

ஒரு வேடிக்கை. பெரியவர்கள் கப்பலில் எங்களோடு ஒரே மேஜையில் சாப்பிட வந்தவர்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். சூப் வருவதற்குள் கைபேசி வெளியே வந்துவிடும். பேரன், பேத்தி, அவர்கள் நீச்சல் கற்றது, பல் விழுந்தது, எல்லாம் படங்களாக. குழந்தைகளை விட்டு விலகி வந்தவர்கள் பேசியதெல்லாம் குழந்தைகளைப் பற்றித்தான். நான் தங்கை பையன் படத்தைக் காட்டி ஈடு கொடுத்தேன்.

இனி குடும்பக் கப்பல். 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து கிளம்பிய ராயல் கரிபியன் நிறுவனத்தின் ஐகான் ஆஃப் தி சீஸ்தான் இந்த ரகத்தின் உச்சம் என்று சொல்லலாம். எல்லாப் படுக்கையும் நிரம்பினால் 7,600 பயணிகள், ஊழியர்கள் தனி. ஆறு சறுக்குகள் கொண்ட நீர்ப் பூங்கா, சின்னக் குழந்தைகள் இருக்கும் குடும்பங்களுக்கென்றே சர்ஃப்சைடு என்று ஒரு பகுதி. இவ்வளவு பேர் இருக்கும் இடத்தில் குழந்தைகள் காலில் இடறுவார்கள் என்றுதான் தோன்றும். அப்படி நடக்காததற்குக் காரணம் கிட்ஸ் கிளப், அதாவது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனால் ஊழியர்கள் விளையாட வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் இது 3 வயதிலிருந்து, கட்டணம் இல்லாமல். கழிப்பறைப் பழக்கம் வந்திருக்க வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. கார்னிவல் நிறுவனத்தில் 2 வயதிலேயே சேர்த்துக்கொள்கிறார்கள்.

தங்கையின் சின்னவனுக்கு நான்கு வயது. முதல் நாள் கிளப் வாசலில் அம்மா புடவையைப் பிடித்துக்கொண்டு அழுதான். மறுநாள் மதியம் சாப்பிடக் கூப்பிடப் போனால் வர மாட்டேன் என்று அழுதான். அவன் பார்த்த கடல் எல்லாம் கிளப் ஜன்னல் வழியாகப் பார்த்ததுதான். தங்கையும் அவள் கணவரும் கையில் காபியோடு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குச் சிரிப்பாக வந்தது. இருவரும் பேசி எத்தனை மாதம் ஆகியிருக்குமோ.

பெரியவளுக்குப் பதிமூன்று. அவள் கதை வேறு. இந்த வயதுக்காரர்களுக்குத் தனி இடம் இருக்கும், ஆனால் முதல் ராத்திரியே போய்விட வேண்டும். அன்றைக்கே நண்பர்கள் கூட்டம் சேர்ந்துவிடுகிறது; இரண்டாம் நாள் போகிற பிள்ளை ஓரத்தில்தான் நிற்க வேண்டும். “பெரியம்மா, நான் யார்கிட்டயும் பேச மாட்டேன், சும்மா பார்த்துட்டு வரேன்” என்று போனவள், திரும்பி வரும்போது நான்கு பேர் கூட வந்தார்கள். அதற்கப்புறம் அவளைச் சாப்பாட்டு மேஜையில் பார்ப்பதே அரிதாகிவிட்டது.

டயப்பர் போடுகிற வயதுதான் இந்தக் கப்பல்களில் நிஜமாகவே சங்கடமானது, அதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. டயப்பர் போட்ட குழந்தை, நீச்சலுக்கான டயப்பராகவே இருந்தாலும், கப்பலின் குளத்தில் இறங்க முடியாது. அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களை அந்த நாட்டின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி சுகாதாரச் சோதனை செய்கிறது, இந்தக் கட்டுப்பாடு அதன் விதிகளில் ஒன்று. சில கப்பல்களில் மட்டும் தனி வடிகட்டி வைத்த, தண்ணீர் பீய்ச்சியடிக்கும் சின்ன இடம் இருக்கும். எங்கள் தளத்தில் ஒரு இளம் தம்பதி, ஒன்றரை வயதுக் குழந்தையைக் குளத்தோரம் வாளித் தண்ணீரில் விளையாட விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கிட்ஸ் கிளப்புக்கும் வயது போதாது, குளமும் கிடையாது. குழந்தைக் காப்பகம் உண்டு, மணிக்கணக்கில் காசு. ஆறு மாதம் நிரம்பாத குழந்தையைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுவதே இல்லை. அட்லாண்டிக்கைக் கடக்கிற மாதிரி நீண்ட பயணம் என்றால் ஒரு வயது ஆகியிருக்க வேண்டும்.

குடும்பமாகப் பதிவு செய்கிறவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே கேபினில் மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறைவாக இருக்கும், ஆனால் அந்தப் படுக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். அறையில் இடம் இருந்தும் ‘இல்லை’ என்று வரும். அந்தப் பகுதிக்கு ஒதுக்கிய உயிர்காப்புப் படகில் இடம் நிரம்பியிருப்பதும் ஒரு காரணம். தங்கை கணவர் கடைசி வரை வாதாடிப் பார்த்தார். படகை யாரிடம் பெரிசாக்கச் சொல்வது?

பெரியவர்கள் கப்பலில் எனக்கு நிஜமாகவே பிடித்தது சாயங்கால நேரம். ஆறு மணிக்கே சாப்பிட வேண்டும் என்று யாருக்கும் கட்டாயம் இல்லாததால் கூட்டம் ராத்திரி முழுக்கப் பரவிக்கிடக்கும். குடும்பக் கப்பலில் ஆறிலிருந்து ஏழரை வரை எல்லா உணவகமும் லிஃப்டும் நெரியும். ஒரு வாண்டு எல்லாத் தளப் பொத்தானையும் அமுக்கிவிட்டு இறங்கிப் போய்விட்டது. நாங்கள் ஒவ்வொரு தளமாகத் தரிசனம் செய்துகொண்டு போனோம். வெந்நீர்த் தொட்டி விஷயத்திலும் பெரியவர்கள் கப்பலுக்கே என் ஓட்டு. அதற்கு விளக்கம் வேண்டாம். விடியுமுன் துண்டைப் போட்டு நாற்காலி பிடிப்பது மட்டும் இரண்டு கப்பலிலும் ஒரே மாதிரி. அதில் பெரியவர்களை மிஞ்ச ஆளே இல்லை.

குடும்பக் கப்பலுக்குள்ளேயே பெரியவர்களுக்கு ஒதுக்கிய மூலைகள் இருக்கின்றன, பலருக்கு இது தெரிவதில்லை. ராயல் கரிபியனில் சோலாரியம் என்ற பகுதிக்கு 16 வயது ஆகியிருக்க வேண்டும். கார்னிவலின் செரினிட்டிக்கு 21. குழந்தைகளுக்கென்றே பெயர் வாங்கிய டிஸ்னி கப்பல்களில்கூட பெரியவர்களுக்கு மட்டுமான குளமும் உணவகமும் உண்டு. 2024-இல் பஹாமாஸில் தன் பயணிகளுக்கென்றே வைத்திருக்கும் கோகோகே தீவில் ராயல் கரிபியன் ஹைட்அவே பீச் என்று 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான கடற்கரையையும் திறந்தது. எது இலவசம், எதற்குக் காசு என்பது இடத்துக்கு இடம் மாறும். பதிவு செய்யும்போதே கேட்டுவிட வேண்டும். பெயர்ப் பலகை இருந்தால் மட்டும் போதாது, வாசலில் ஆள் நின்று பார்க்கிறாரா என்பதும் முக்கியம். எங்கள் கப்பலில் முதல் இரண்டு நாள் பார்த்தார், அப்புறம் காணோம்.

காலத்தையும் பார்க்க வேண்டும். பள்ளி விடுமுறையில் எல்லாக் குடும்பக் கப்பலும் பிள்ளைகளால் நிரம்பும், விலையும் ஏறும். பள்ளி திறந்துவிட்டால் அதே கப்பலில் வேறு கூட்டம். மாதக்கணக்கில் போகும் உலகச் சுற்றுப் பயணங்களில் விதியே இல்லாவிட்டாலும் பிள்ளைகள் குறைவு. எந்தப் பள்ளிக்கூடம் அத்தனை நாள் விடுப்பு தரும்?

அம்மாவிடம் ஒருமுறை, அடுத்த தடவை பெரியவர்கள் கப்பலில் போகலாமா, அமைதியாக இருக்கும் என்றேன். “எல்லாரும் என் வயசுக்காரங்களாவே இருந்தா ஆஸ்பத்திரியில டாக்டருக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்கும்டி” என்றாள். குடும்பக் கப்பலில் அவள் தினமும் செய்தது ஒன்றே ஒன்றுதான். சிறுவர்கள் தண்ணீரில் ஆடுகிற இடத்துக்கு எதிரே நிழலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். மொழி தெரியாத குழந்தைகளோடு கையாட்டிப் பேசுவாள். ஒரு பெண் குழந்தை தினமும் வந்து அவள் வளையலை எண்ணிவிட்டுப் போகும்.

அடுத்து நாங்கள் இருவரும் அம்மாவும் மட்டும் போவதாகப் பேச்சு. பள்ளி திறந்து இரண்டு வாரம் கழித்து, குடும்பக் கப்பலில்தான். பள்ளி வயதுப் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். நடை பழகுகிறவர்களும் அவர்களைத் துரத்துகிற தாத்தா பாட்டிகளும் இருப்பார்கள். அம்மாவுக்கு அது போதும். எங்களுக்கு 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான குளம் இருக்கிறது. மேலும் கீழும் கேபின்களாகவே உள்ள தளத்தில், லிஃப்டுக்கு ரொம்பத் தூரம் இல்லாமல், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறைகள் பார்த்து வைத்திருக்கிறேன். நடுவில் இணைப்புக் கதவு உள்ளதாக எடுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், உன் வீட்டுக்காரர் குறட்டை எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டாள்.