கட்டணமே இல்லாத ஒரு கலைப் பள்ளி

தெற்கு லண்டன் குரோய்டனில் இருக்கிற பிரிட் ஸ்கூல் என்றாலே எல்லோரும் அங்கே படித்த பாடகிகள் அடெல், ஏமி வைன்ஹவுஸ் என்று பேர் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். சரி, அது பெருமைதான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய விஷயம், 1991-ல் தொடங்கிய அந்தப் பள்ளியில் படிக்கக் கட்டணமே கிடையாது என்பது. பெரும்பகுதிச் செலவை அரசு பார்த்துக்கொள்கிறது, பிரிட்டன் இசைத்துறை நடத்தும் பிரிட் விருது விழாவில் வருகிற பணத்திலிருந்தும் ஒரு பங்கு போகிறது. பாட்டு கிளாஸுக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளையும் திறமையைக் காட்டி உள்ளே போகலாம், இதுதானே வேண்டும்!

14 வயதிலோ 16 வயதிலோ சேரலாம். 14-ல் வருகிறவர்கள் நடனமோ நாடகமோ எதை எடுத்தாலும் கணக்கு, ஆங்கிலம், அறிவியல் பரீட்சைகளையும் எழுதியாக வேண்டும், அதனால் பெற்றோர் பயப்பட ஒன்றுமில்லை.

அப்புறம், எனக்கு ரொம்பப் பிடித்தது மேடைக்குப் பின்னால் வேலை செய்ய விரும்புகிறவர்களுக்கும் அங்கே இடம் இருப்பது. பாடுகிறவர் முகத்தில் வெளிச்சம் எந்தக் கோணத்தில் விழ வேண்டும், எந்த வசனத்தில் விளக்கு மங்க வேண்டும் என்பதெல்லாம் பாட்டைப் போலவே பள்ளி வயதில் கற்றுக்கொள்ள வேண்டிய கலை. நம்மில் பலர் அதை எலக்ட்ரீஷியன் வேலை என்றே நினைக்கிறோம்.