அவசரத்தில் அறம்

மதம் இல்லாவிட்டால் மனிதன் கெட்டுப்போவான் என்று அடித்துச் சொல்பவர்கள் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் நடந்த ஒரு சோதனையை ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். டார்லி, பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் 1973-இல் வெளியிட்டது. முடிவுகளில் கணக்கிடப்பட்ட 40 பேரும் கிறிஸ்தவ இறையியல் கல்லூரி மாணவர்கள். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ச் சிறிய உரை ஒன்று ஆற்ற வேண்டும். பாதிப் பேருக்குத் தலைப்பே நல்ல சமாரியன் கதைதான்; வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியனுக்கு நின்று உதவியவனைப் பற்றிய பைபிள் கதை. போகிற வழியில், ஒரு வாசலில், சோதனைக்காக நடிக்கும் ஒருவர் தலை தொங்க, கண் மூடிச் சரிந்து கிடக்கிறார். இவர்கள் கடக்கும்போது இரண்டு தடவை இருமி முனகுகிறார்.

‘நேரம் இருக்கு’ என்று அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் உதவினார்கள். ‘லேட் ஆயிடுச்சு’ என்று விரட்டப்பட்டவர்களில் வெறும் 10 சதவீதம். சமாரியன் கதை மனதில் இருந்ததால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை. அதைப் பற்றிப் பேசப் போனவர்களிலேயே சிலர் கிடந்தவரைத் தாண்டிப் போனார்கள்! இரக்கமில்லாதவர்கள் என்று அவர்களைத் திட்ட மனம் வரவில்லை. நிற்காமல் போனவர்களில் பலர் பதற்றத்தோடுதான் போய்ச் சேர்ந்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. எல்லோருமே நம்பிக்கையாளர்கள் என்பதால் ‘நாத்திகரே மேல்’ என்று இதை வைத்து வாதாட முடியாது. 40 பேர் என்பதும் சின்ன எண்ணிக்கை. ஆனால் ஆஸ்பத்திரியிலோ ஆபீசிலோ ஆட்களை மணி பார்த்து விரட்டுகிறவர்கள் அந்த 63-ஐயும் 10-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்துப் பார்க்கட்டும்.