மாத்திரையை நிறுத்தி காப்பர் டிக்கு மாறினேன்

இரண்டாவது குழந்தை தாய்ப்பால் மறந்த பிறகு கருத்தடை மாத்திரை எடுக்க ஆரம்பித்தேன். 21 நாள் மாத்திரை, 7 நாள் இடைவெளி, அந்த இடைவெளியில் பீரியட்ஸ். முதல் அட்டையிலேயே குமட்டல், மார்பில் கனம். இரவு சாப்பிட்ட பின் போட ஆரம்பித்ததும் குமட்டல் குறைந்தது. இரண்டு மூன்று மாதத்தில் உடம்பு பழகிவிடும் என்றார்கள், பழகியது.

தலைவலிதான் பழகவில்லை. எப்போதாவது வரும் ஒற்றைத் தலைவலி அடிக்கடி வந்தது. கூடவே புதிதாக ஒன்று: வலிக்கு முன்னால் பார்வையின் ஓரத்தில் கோணல்மாணலாக ஒரு ஒளிக்கோடு மினுங்கும். படித்துக்கொண்டிருக்கும் வரியில் நடுவே நாலு எழுத்து காணாமல் போகும். அது மறைந்ததும் மண்டை இடிக்கத் தொடங்கும். தூக்கம் போதவில்லை என்றார்கள் வீட்டில். (சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் அம்மாவுக்கு எது வந்தாலும் காரணம் அதுதான்.)

மகப்பேறு மருத்துவரிடம் தலைவலி என்று சொன்னதுமே, "கண்ல ஏதாவது மின்னுதாம்மா?" என்று கேட்டார். பிரஷர் பார்த்தார். குடும்பத்தில் யாருக்காவது காலில் ரத்தம் கட்டியிருக்கிறதா என்று விசாரித்தார். மாத்திரையை அன்றே நிறுத்தச் சொல்லிவிட்டார். அதில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ரத்தம் உறைவதைக் கொஞ்சம் கூட்டும். இப்படி ஒளி தெரியும் தலைவலி உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் ஏற்கெனவே மற்றவர்களைவிடச் சற்று அதிகம். அரிதுதான், ஆனால் இரண்டையும் சேர்த்து வைக்கக் கூடாதாம். மாத்திரை எழுதிக்கொடுக்கும்போதே இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாமே என்று எனக்குக் கோபம் வந்தது.

ஈஸ்ட்ரோஜன் இல்லாத வழிகளாக ப்ரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோன் மட்டும் உள்ள மாத்திரை, மூன்று மாத ஊசி, கருப்பைக்குள் பொருத்தும் காப்பர் டி ஆகியவற்றைச் சொன்னார். ஊசி எனக்குச் சரிப்படவில்லை. ஒத்துக்கொள்ளாவிட்டால் உள்ளே போன மருந்தை வெளியே எடுக்க முடியாது, அதன் வேலை தீரும்வரை காத்திருக்க வேண்டும். காப்பர் டி என்றால் வேண்டாம் என்று தோன்றும் அன்றே எடுத்துவிடலாம்.

பொருத்தச் சில நிமிடம்தான். கருப்பை வாயைப் பிடித்தபோது அடிவயிற்றில் சுருக்கென்று ஒரு வலி, பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்புறம்தான் அவஸ்தை. அடுத்த பீரியட்ஸ் கட்டி கட்டியாகப் போனது, நாப்கின் இரண்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. முதல் மூன்று முதல் ஆறு மாதம் இப்படி இருக்கலாம் என்று முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. ஆனாலும் போய்க் காட்டினேன். மெஃபனமிக் அமில மாத்திரை கொடுத்தார், அது வலியோடு போக்கையும் குறைத்தது. ஹீமோகுளோபின் இறங்கியிருந்ததால் இரும்புச் சத்து மாத்திரையும் சேர்ந்தது.

இப்போது போக்கு ஓரளவு அடங்கிவிட்டது, பழைய அளவுக்கு இன்னும் வரவில்லை. தலைவலி எப்போதாவது வருகிறது, ஒளிக்கோடு வருவதில்லை. பீரியட்ஸ் முடிந்ததும் விரலால் காப்பர் டியின் நூல் தட்டுப்படுகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். தட்டுப்படாவிட்டாலோ, வழக்கத்தைவிட நீளமாகத் தெரிந்தாலோ உடனே வரச் சொல்லியிருக்கிறார், அதுவரை ஆணுறை.