கல்லைப் புரட்டினால் திரும்ப வைத்துவிடுங்கள்

அமெரிக்காவின் கிலுகிலுப்பைப் பாம்புகள் குறைந்துவருவதைப் பற்றி நெடுநாளாகத் தேடிப் படித்துவருகிறேன். வேலூரில் இருந்துகொண்டு கண்டம் தாண்டிய ஒரு பாம்பைப் பற்றி எதற்காகப் படிக்க வேண்டும் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. பாலமதிக் குன்றுகளிலும் அமிர்திக் காட்டை ஒட்டிய கற்சரிவுகளிலும் வாழும் சுருட்டை விரியனை என்ன செய்து காப்பது என்று யோசிக்க அந்தப் படிப்பு எனக்குப் பெரிதும் உதவுகிறது. விரியன் குடும்பத்தைச் சேர்ந்த இவ்விரண்டும் முட்டையிடாமல் குட்டி போடுபவை. கடிப்பதற்கு முன் ஓசை எழுப்பி எச்சரிப்பவை. ஆனால் அவற்றைச் சூழ்ந்திருக்கும் ஆபத்து ஒரே வகையானதல்ல. அதனால் அங்கே பலன் தந்த வழியை அப்படியே இங்கே எடுத்துவைத்துவிட முடியாது என்பது என் கருத்து.

முதலில் அங்குள்ள நிலையைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் வாழும் டிம்பர் ராட்டில்ஸ்நேக் என்னும் கிலுகிலுப்பைப் பாம்பு இனம் மிக மெதுவாகப் பெருகுவது. வடக்கு மாநிலங்களில் பெண் பாம்பு முதல் முறை குட்டி போடுவதற்கே ஏழெட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதன் பின்னரும் ஆண்டுதோறும் ஈனுவதில்லை, இரண்டு மூன்று ஆண்டுகள், சில வேளைகளில் அதற்கும் மேல் இடைவெளி விடுகிறது. குளிர்காலம் முழுவதையும் பாறை இடுக்குகளில் கூட்டமாகக் கழிக்கும் இந்தப் பாம்புகள், ஆண்டுதோறும் அதே இடுக்குக்கே திரும்பி வருகின்றன. அந்த இடத்தை அறிந்துகொண்ட ஒருவர் நினைத்தால் ஒரு மலையின் பாம்புகள் அனைத்தையும் ஒரே நாளில் அழித்துவிட முடியும். உண்மையில் அப்படித்தான் அழித்தார்கள். பாம்பைக் கொன்றுவந்தால் பரிசுப் பணம் என்று அரசே கொடுத்த காலம் ஒன்று இருந்தது. வெர்மான்ட் மாநிலத்தில் அந்த வழக்கம் 1971 வரை நீடித்தது. மெயின், ரோட் ஐலண்ட் மாநிலங்களில் இவ்வினம் இன்று இல்லை. கனடாவில் 1941க்குப் பிறகு யாரும் பார்த்ததாக உறுதியான பதிவு இல்லை. நியூ ஹாம்ப்ஷயரில் எஞ்சியிருப்பது ஒரே ஒரு கூட்டம். அதிலும் பாதியளவு 2006ஆம் ஆண்டையொட்டி மடிந்துபோனது, பாம்புகளின் தோலைத் தாக்கும் பூஞ்சை நோய் அந்தக் கூட்டத்தில் அப்போது காணப்பட்டது. சதுப்பு நிலங்களில் வாழும் மாசசாகா என்ற சிறிய கிலுகிலுப்பைப் பாம்பை 2016இல் அந்நாட்டு அரசு அச்சுறுத்தலுக்குள்ளான இனங்களின் பட்டியலில் சேர்த்தது.

இவ்வளவுக்கும் பிறகும் டெக்சாஸ் மாநிலத்தின் ஸ்வீட்வாட்டர் ஊரில் 1958 முதல் நடந்துவரும் பாம்புபிடித் திருவிழா நிற்கவில்லை. ஜார்ஜியாவின் கிளாக்ஸ்டன் ஊரோ 2012இல் அதே போன்ற தன் திருவிழாவை உயிருள்ள பாம்புகளைக் காட்டிப் பாடம் சொல்லும் விழாவாக மாற்றிக்கொண்டது. திருவிழாவை நிறுத்தாமல் அதன் நோக்கத்தை மட்டும் மாற்றிய அந்த ஊர் மக்களை நான் மனமார மதிக்கிறேன்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். சுருட்டை விரியன் நம் பக்கத்தில் ஒன்றரைச் சாண் நீளத்துக்கு மேல் பெரும்பாலும் காணக் கிடைப்பதில்லை. செம்மண்ணும் சருகும் கலந்த நிறம், தலையின் மேல் அம்பு முனை போன்ற வெளிர்ந்த அடையாளம், நெட்டுக்குத்தான கண்மணி, உடம்பு முழுவதும் வரம்பிட்ட சொரசொரப்பான செதில்கள். மழை பெய்து ஓய்ந்த இரவில் கைவிளக்கின் வெளிச்சம் அதன் மேல் பட்டால், அது ஓடுவதில்லை. உடம்பை மடிப்பு மடிப்பாக வளைத்துத் தலையை நடுவில் நிறுத்திக்கொண்டு, அடுத்தடுத்த மடிப்புகளை எதிரெதிர்த் திசையில் நகர்த்துகிறது. விலாவில் சாய்வாக அமைந்த செதில்களின் ரம்பப்பல் விளிம்புகள் ஒன்றோடொன்று உரசும்போது, காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாற்போல இடைவிடாத ஓர் இரைச்சல் எழுகிறது. கிலுகிலுப்பைப் பாம்போ தோலுரிக்கும் ஒவ்வொரு முறையும் வாலின் நுனியில் சேரும் நகத்தையொத்த வளையங்களை நொடிக்கு ஐம்பது முறைக்கும் மேலாக அதிரவைத்து ஒலி எழுப்புகிறது. உறுப்பு வேறாக இருந்தாலும், “நான் இங்கிருக்கிறேன், மிதித்துவிடாதே” என்ற செய்தி ஒன்றுதான்.

சுருட்டை, டிம்பர் ராட்டில்ஸ்நேக்கைப் போல ஏழெட்டு ஆண்டுகள் காத்திருந்து குட்டி போடுவதில்லை. ஓரிடத்தில் நூற்றுக்கணக்கில் கூடி உறங்குவதுமில்லை. உலக அளவில் அது அழியும் நிலையில் உள்ள இனமும் அன்று. அப்படியானால் கவலை எதற்கு என்றால், நம் மாவட்டத்தில் அதற்குத் தேவையான இடம் கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கிறது. அது கல்லை நம்பி வாழும் பாம்பு. பகல் வெயில் நாற்பது பாகையைத் தாண்டும் இந்த ஊரில், தட்டையான கல்லுக்கு அடியில் இருக்கும் சிறிது ஈரமும் நிழலும்தான் அதற்கும், அது தின்னும் தேள், பூரான், பல்லி ஆகியவற்றுக்கும் அடைக்கலம். குன்றுகளை உடைத்துச் சரளைக் கல்லாகவும் எம்-சாண்டாகவும் லாரியில் ஏற்றுகிறோம். மலையடிவாரக் கொல்லைகளைச் சமப்படுத்தி மனைப் பிரிவு போடுகிறோம். கோடையில் புல்லுக்குத் தீ வைக்கிறோம். ஒரு பாம்பையும் கொல்லாமலேயே ஒரு சரிவின் பாம்புகள் முழுவதையும் இல்லாமல் ஆக்கிவிட இவை போதும்.

கணியம்பாடிப் பக்கத்தைச் சேர்ந்த இருளர் பெரியவர் ஒருவரோடு சரிவில் நடந்தபோது, நான் ஒரு கல்லைத் தூக்கிப் பார்த்துவிட்டு அருகில் வைக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். “எடுத்த மாரியே வெச்சிடு தம்பி. கொஞ்சம் தள்ளி வெச்சாலும் வெயிலு உள்ள பூந்துடும், அப்பறம் எதுவும் அண்டாது” என்றார். கல்லின் அடியில் பதிந்திருந்த பள்ளத்தின் விளிம்போடு கல்லின் விளிம்பைப் பொருத்தி, ஓரத்து மண்ணைக் கட்டைவிரலால் அழுத்தி அவரே அதைத் திரும்ப வைத்தார். கிலுகிலுப்பைப் பாம்பு ஆய்வாளர்களும் புரட்டிய கல் பழையபடி பொருந்த வேண்டும் என்றே வலியுறுத்துகிறார்கள். கல்லைப் புரட்டிப்போட்டு ரீல்ஸ் எடுத்துவிட்டு அப்படியே இறங்கிப்போகும் இளைஞர்களைச் சரிவுகளில் இப்போது அடிக்கடி காண்கிறேன். அவர்களுக்குப் பாம்பின் மேல் ஆசை இருக்கிறது, அந்த ஆசையோடு இந்தப் பழக்கமும் சேர்ந்தால் போதும்.

மனிதரை விட்டுவிட்டுப் பாம்பைப் பற்றி மட்டும் பேசுவதை நான் ஏற்கமாட்டேன். 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்தார்கள், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் என்று ஆய்வு ஒன்று மதிப்பிட்டுள்ளது. அவர்களில் பெரும்பாலோர் கிராமத்தினர். மல்லாட்டைக் கொல்லையில் களையெடுக்கும் பெண்ணுக்கும், வரப்புக் கல்லை நகர்த்தும் கூலியாளுக்கும் பாம்பைக் காக்கச் சொல்லும் தகுதி, அவர்களைக் காக்க நாம் என்ன செய்தோம் என்பதைப் பொறுத்தே நமக்கு வரும். சுருட்டையின் நஞ்சு இரத்தத்தின் உறையும் தன்மையைக் கெடுத்துவிடுவது. வலி குறைவாக இருக்கிறதே என்று வீட்டில் காத்திருப்பவருக்குப் பல மணி நேரம் கழித்து ஈறிலிருந்தும் சிறுநீரிலும் இரத்தம் வரத் தொடங்கலாம். இதைக் கண்டறியப் பெரிய கருவி வேண்டியதில்லை. சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி இரத்தத்தை எடுத்து, அசைக்காமல் இருபது நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்க்கிறார்கள். அது உறையாமல் வழிந்தால் நஞ்சு ஏறியிருக்கிறது என்று பொருள். கட்டுப் போடுவதும், கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் கூடாது; கடிபட்ட காலை அசைக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நஞ்சுமுறி மருந்துக்கான நஞ்சைப் பெருமளவில் தந்துவருவது நம் மாநிலத்தின் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமே. அச்சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். ராஜஸ்தான் பகுதிச் சுருட்டையின் கடிக்கு நம் பகுதி நஞ்சைக் கொண்டு தயாரித்த மருந்து சரிவர வேலை செய்வதில்லை என்று மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரே பெயருள்ள பாம்பின் நஞ்சும் நிலத்துக்கு நிலம் மாறுபடும் என்றால், ஒவ்வொரு வட்டாரத்துப் பாம்பும் அந்தந்த வட்டார மக்களின் மருந்துக்கு மூலப்பொருளாகிறது. பாம்பு போனால் அதுவும் போகும்.

பார்த்த பாம்பைப் பதிவு செய்வது இதனால்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். ஆனால் எதை எழுதுவது, எதை மறைப்பது என்பதில் கிலுகிலுப்பைப் பாம்பின் வரலாறு நமக்கு ஒரு தெளிவைத் தருகிறது. அங்கே பாறை இடுக்குகளின் இருப்பிடத்தை ஆய்வாளர்கள் வெளியே சொல்வதில்லை. கொலராடோவில் கருவுற்ற பாம்புகள் கூடும் பாறையொன்றைக் கேமரா வைத்து உலகுக்கே நேரலையில் காட்டுகிறார்கள். தாய்ப் பாம்புகள் குட்டிகளின் முதல் தோலுரிப்பு வரை அருகிலேயே தங்கியிருப்பதை எல்லோரும் பார்க்கலாம், ஆனால் அந்தப் பாறை எங்கிருக்கிறது என்பதை மட்டும் சொல்வதில்லை. நாமும் கிராமத்தின் பெயர், மாதம், நேரம், மழையா வெயிலா, கல்லா வரப்பா வீட்டு வாசலா என்பதை விரிவாக எழுதலாம். இந்த அளவு விவரம் ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவருக்கும் பயன்படும். சரிவின் துல்லியமான புள்ளி யாருக்கும் தேவையில்லை. உயிரினங்களைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படத்தை ஏற்றும்போது இடத்தை மங்கலாக்கும் வசதி உண்டு, அதைத் தேர்ந்துகொள்வது நல்லது.

இன்னொன்றையும் இங்கே சேர்க்க விரும்புகிறேன். வீட்டுக்குள் வந்த பாம்பைப் பிடித்துத் தொலைவிலுள்ள காப்புக்காட்டில் விட்டுவிட்டால் அது பிழைத்துக்கொள்ளும் என்று நம்புகிறோம். டிம்பர் ராட்டில்ஸ்நேக்குகளை அவ்வாறு வேற்றிடத்தில் விட்டு, உடலில் ரேடியோ கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது, அவை ஒதுங்கத் தெரியாமல் நெடுந்தூரம் அலைந்ததும், உள்ளூர்ப் பாம்புகளைக் காட்டிலும் மிகுதியாக இறந்ததும் தெரியவந்தது. வேலூர் நகரின் குடியிருப்பில் பிடித்த சுருட்டையை ஜவ்வாது மலையில் விடும்போது என்ன ஆகிறது என்பதை நாமும் அறிந்துகொள்ள வேண்டும். பாம்பு மீட்பவர்கள் ஒரு குறிப்பேட்டில் பிடித்த இடம், விட்ட இடம், இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம், பாம்பின் நீளம் ஆகியவற்றை எழுதிவந்தாலே நல்ல தொடக்கமாக இருக்கும். அப்படி எழுதிவருபவர்கள் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் யாரேனும் இருந்தால், அந்தக் குறிப்புகளை ஒழுங்குபடுத்தித் தொகுக்கும் வேலையை நான் செய்து தருகிறேன். இடங்களின் பெயர் கிராம அளவுக்கு மேல் வெளியே போகாது.