லிண்டா தூக்கி எறிந்த இசைத்தட்டு

அமெரிக்கப் பாடகி லிண்டா பெர்ஹாக்ஸின் 'பேரலலோகிராம்ஸ்' ஆல்பம் 1970இல் கேப் ரெக்கார்ட்ஸ் வெளியீடாக வந்தது. தட்டு கைக்கு வந்ததும் அவர் ஒரு தடவை போட்டுக் கேட்டார், குப்பையில் போட்டுவிட்டார். பாட்டில் ஒன்றும் குறையில்லை. ஸ்டுடியோவில் அவர் காதால் கேட்ட சத்தம் அந்தத் தட்டில் இல்லை, அவ்வளவுதான். அந்தக் காலத்துக் கார்களில் ஓடிய ஏ.எம். ரேடியோவுக்குத் தோதாக இருக்கட்டும் என்று அடிச்சத்தத்தையும் உச்சச் சத்தத்தையும் வெட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள்.

இந்த ஆல்பத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் 'மறக்கப்பட்ட பொக்கிஷம்' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மறக்க வேண்டுமென்றால் முதலில் ஒழுங்காகக் கேட்டிருக்க வேண்டுமே! 1970இல் காசு கொடுத்து வாங்கிய கொஞ்சம் பேரும் கேட்டது பாதி ஆல்பத்தைத்தான்.

பழைய கேசட், எல்பி தட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தருவது என் பிழைப்பு. அதனால் இந்த வெட்டுகிற விவகாரம் கொஞ்சம் தெரியும். தட்டில் சத்தம் என்பது ஊசி ஓடுகிற பள்ளம். பேஸ் என்கிற அடிச்சத்தம் அதிகமானால் பள்ளம் அகலமாக ஆடும், இடம் போதாது, மலிவான பிளேயரில் ஊசி குதித்தும் விடும். டிரெபிள் என்கிற உச்சச் சத்தம் அதிகமானால் தட்டின் நடுப்பக்கம் போகப் போகக் கரகரக்கும். ஆகவே கொஞ்சம் வெட்டாமல் தட்டு போட முடியாது. எவ்வளவு வெட்டுவது என்பதில்தான் ஆளின் காது தெரியும். டிரம்ஸும் எலெக்ட்ரிக் கிட்டாரும் இடிக்கிற ஆல்பத்தில் கொஞ்சம் கூடுதலாக வெட்டினாலும் பாட்டு தப்பித்துக்கொள்ளும். இங்கே இருப்பதோ பெரும்பாலும் ஒரு கிட்டார், ஒரே பெண்ணின் குரல் நாலைந்து அடுக்காக, அங்கங்கே ஒரு மணியோசை, புல்லாங்குழல். இதில் கத்தி வைத்தால் என்ன மிஞ்சும்?

பெர்ஹாக்ஸ் அப்போது பெவர்லி ஹில்ஸில் ஒரு பல் மருத்துவரிடம் பற்களைச் சுத்தம் செய்கிற வேலையில் இருந்தார். வீடு டொபாங்கா கேன்யனில், மலையும் மரமும் சூழ்ந்த இடம். வந்துபோன நோயாளிகளில் ஒருவர் லெனர்ட் ரோசன்மேன். 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்', 'ரெபல் வித்அவுட் எ காஸ்' படங்களின் இசையமைப்பாளர், நவீன இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கிடம் பாடம் கேட்டவர். பல் சுத்தம் செய்வது மட்டும்தான் உன் வேலை என்று நம்ப முடியவில்லையே என்று அவர் பேச்சுக் கொடுக்க, சும்மா எழுதி வைத்திருக்கும் பாட்டுகளைப் பற்றி இவர் சொல்ல, அதைக் கேட்டுவிட்டு ஆல்பமே தயாரித்துவிட்டார் ரோசன்மேன்.

தாளத்துக்கு ஷெல்லி மேன், மில்ட் ஹாலண்ட் என்று ஜாஸ் உலகில் பேர்போன கைகள். ஒலிப்பதிவாளர் பிரையன் இங்கோல்ட்ஸ்பி, குளியலறை ஷவர் ஹோஸை ஆம்ப்ளிஃபையரில் கொடுத்து அதிலிருந்து ஊதுகொம்புச் சத்தம் எடுத்திருக்கிறார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, ஆல்பத்தில் அச்சிட்ட குறிப்பிலேயே அது இருக்கிறது. இத்தனை பாடுபட்டுச் செய்த சத்தத்தைக் கடைசியில் கார் ரேடியோவுக்கு அளந்து நறுக்கினால் குப்பைத் தொட்டிதானே கதி.

ஆல்பம் விற்கவில்லை. கம்பெனியும் விளம்பரம் என்று பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. பெர்ஹாக்ஸ் பல் வேலைக்கே திரும்பிப் போனார். இருபத்தைந்து ஆண்டுக்கும் மேல் கழித்து, 1998இல், மைக்கேல் பைப்பர் என்பவர் தன்னுடைய 'தி வைல்ட் பிளேசஸ்' லேபிளில் இதை சிடியாகக் கொண்டுவந்தார். அப்போது அவரிடம் மூல டேப் கிடையாது, எல்பி தட்டிலிருந்துதான் எடுத்தார். அதாவது பெர்ஹாக்ஸ் தூக்கி எறிந்த அதே வெட்டுப்பட்ட சத்தம், இந்தத் தடவை சிடியில். அப்புறம் எப்படியோ அவரைத் தேடிப் பிடித்தார்கள். அவர் பத்திரமாக வைத்திருந்த டேப்புகளைக் கொடுத்தார். அதிலிருந்து 2003இல் வந்த பதிப்பைத்தான் நான் முதல் வெளியீடு என்று சொல்வேன்.

தட்டிலிருந்து எடுத்ததையும் டேப்பிலிருந்து எடுத்ததையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தேன். முதல் பாட்டு 'சிமாக்கம் ரெயின்'. வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள ஓர் ஊரின் பெயர் அது. தட்டுப் பதிப்பில் நடுவே வரும் குரல் அடுக்கெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் குழைந்த சாதமாகக் கிடக்கிறது. டேப் பதிப்பில் ஒவ்வொரு குரலும் தனித்தனியாக நிற்கிறது. கிட்டார் கம்பியில் விரல் வழுக்கும் சத்தம் கூடத் தெரிகிறது.

ஆனால் உண்மையான வித்தியாசம் தலைப்புப் பாட்டில்தான். பேரலலோகிராம் என்றால் இணைகரம்; அதுபோன்ற கணித வடிவங்களின் பெயர்களைச் சுற்றிச் சுற்றிப் பாடிக்கொண்டே வருவார். திடீரென்று பாட்டு கலைந்து, குரல்களும் மணிகளும் மின்னொலியும் மட்டுமாக ஓர் இடம் வரும். அந்தப் பாட்டை பெர்ஹாக்ஸ் ஸ்வரமாக எழுதவில்லை, படமாக வரைந்து ரோசன்மேனிடம் காட்டினார். தட்டுப் பதிப்பில் அந்த நடுப்பகுதி எனக்கு வெறும் கிறுக்கல். அந்தக் காலத்து ஆட்கள் ஏதோ செய்துவிட்டார்கள் என்று தள்ளிவிடத் தோன்றும். டேப்பில் கேட்டால் எது கிட்டத்தில், எது தூரத்தில், எது இடமிருந்து வலம் போகிறது என்று காது பின்தொடர்ந்து போகிறது. படத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஓரளவு யூகிக்கவே முடிகிறது.

எல்லாப் பாட்டுக்கும் இந்த லாபம் இல்லை. 'பேப்பர் மவுண்டன் மேன்' ப்ளூஸ் சாயல் உள்ள பாட்டு, எப்படிப் போட்டாலும் நன்றாகத்தான் இருக்கிறது. பெவர்லி ஹில்ஸ் பணக்காரக் கல்யாணங்களைக் கிண்டல் செய்யும் 'போர்சிலின்' பாட்டை எந்தப் பதிப்பாலும் காப்பாற்ற முடியாது என்பது என் கட்சி. ('போர்சிலின்' தலைப்பின் முதல் சொல்தான், முழுசாகச் சொல்ல மூச்சு வேண்டும்.)

மறுபதிப்பில் பின்னால் சேர்த்த டெமோக்களில் (மாதிரிப் பதிவுகளில்) 'இஃப் யூ வேர் மை மேன்' மட்டும் எனக்குப் போதும். பிரெஞ்சு மின்னிசை இரட்டையர் டாஃப்ட் பங்க் தங்கள் 'எலெக்ட்ரோமா' படத்தில் அதை எடுத்து வைத்தார்கள். மற்றவை ரசிகர்களுக்கான மிச்சம் மீதி.

2014இல் அவர் இரண்டாவது ஆல்பம் போட்டார், 'தி சோல் ஆஃப் ஆல் நேச்சுரல் திங்ஸ்'. இரண்டுக்கும் நடுவே நாற்பத்து நாலு வருஷம். பாட்டுகளில் போதனை கொஞ்சம் தூக்கல், ஆனால் குரலை அடுக்கும் முறை அப்படியே இருக்கிறது. முதல் ஆல்பத்துக்கே இப்போது மூன்று நான்கு மறுபதிப்பு உண்டு. வாங்குகிறவர்கள் டேப்பிலிருந்து எடுத்ததா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். போனின் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்காதீர்கள். 1970இல் கம்பெனி செய்த வேலையைத்தான் அதுவும் செய்யும்.