புயல் நிவாரணத்துக்குக் கொடுக்கப் போய் நான் கற்றுக்கொண்டது

புயல் கரையைக் கடந்த மறுநாளே வங்கிக் கணக்கு எண்களும் கியூஆர் கோடுகளும் போனில் வந்து குவிந்தன. யாருக்குக் கொடுப்பது என்று பார்ப்பதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. ஃபார்வர்டில் வந்த லிங்க் எதையும் தொடாமல், ஒவ்வொரு அமைப்பின் தளத்தையும் நானே தேடித் திறந்தேன். முறையாகப் பதிவு செய்த அமைப்பா, புயலுக்கு முன்பிருந்தே அந்தப் பகுதியில் வேலை செய்கிறவர்களா என்று பார்த்தேன். ஒரு விளம்பரத்தில் அமைப்பின் பெயரும் சின்னமும் கச்சிதமாக இருந்தன. ஸ்கேன் செய்தால் யாரோ ஒரு தனிநபர் பெயர் வந்தது. பணம் அனுப்பும் முன் திரையில் தெரியும் அந்தப் பெயரை நிதானமாகப் படித்துவிடுங்கள்.

சரி, பொருளாகக் கொடுத்தால் என்ன? சேகரிப்பு மையத்தில் துணி பிரிக்கும் வேலைக்குப் போனபோது அதற்குப் பதில் கிடைத்தது. ஒரு மூட்டையை அவிழ்த்தால் ஜிப் போன பேன்ட், ஜோடி இல்லாத செருப்பு, ஈரம் காயாமல் பூஞ்சை பிடித்த போர்வை. அதையெல்லாம் ஒதுக்கவே பல கைகள் தேவைப்பட்டன. அந்தக் கைகள் முகாமில் இருந்திருக்க வேண்டியவை. 1998இல் மிட்ச் புயல் தாக்கிய மத்திய அமெரிக்க நாடான ஹோண்டுராஸில், நன்கொடைத் துணிகள் ஓடுபாதையில் குவிந்து கிடந்ததால் நிவாரண விமானம் இறங்க முடியாமல் போயிருக்கிறது. தண்ணீர்ப் பாட்டிலும் அப்படித்தான்: தூரத்திலிருந்து அனுப்ப ஆகும் செலவில், அங்கேயே சுத்திகரிப்புக் கருவி வைத்துப் பல மடங்கு தண்ணீர் கொடுக்க முடியும்.

பணம் என்றால் என்ன தேவையோ அதைப் பக்கத்து ஊர்ச் சந்தையிலேயே வாங்கலாம். அங்குள்ள வியாபாரிகளும் மறுபடி எழுந்து நிற்பார்கள். பொருள்தான் கொடுப்பேன் என்றால், முதலில் முகாமுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். நான் பேசியவர் கேட்டது சானிட்டரி நாப்கினும் டார்ச் லைட்டும்தான். துணி வேண்டவே வேண்டாம் என்றார். ஒரு பெட்டியில் ஒரே வகைப் பொருளை வைத்து, என்ன, எத்தனை என்று வெளியே எழுதி அனுப்பினேன். பிரிக்கிறவர்களுக்கு அது பெரிய உதவி.

பணத்தை மொத்தமாகக் கொடுக்காமல் இரண்டாகப் பிரித்தேன். முதல் பகுதியை உடனே அனுப்பினேன். 'இதற்கு மட்டும்' என்று நிபந்தனை போடவில்லை. களத்தில் நிற்பவர்களுக்குத்தான் எது அவசரம் என்று தெரியும். ரசீதை வாங்கி வைத்துக்கொண்டேன், வரிச் சலுகை உண்டா என்று பார்ப்பதற்கும் அது வேண்டும்.

மீதியைச் செய்திகள் அடங்கும்வரை வைத்திருந்தேன். அப்புறம்தான் கூரை போடுவது, தொழில் கருவி வாங்குவது, பிள்ளைகளைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்புவது எல்லாம் ஆரம்பமாகிறது. அந்தச் சமயத்தில் நன்கொடை வெகுவாகக் குறைந்துவிடுகிறது என்று அமைப்பில் சொன்னார்கள். அதனால் மீதியை மாதாமாதம் சிறு தொகையாகப் போகும்படி வங்கியில் சொல்லி வைத்துவிட்டேன். அடுத்த மாதம் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால், கூரை வேலைக்கு ஆள் சொல்ல வசதியாக இருக்கிறதாம்.